சொல்லியிருக்கக் கூடாத ஒரு நல்ல வார்த்தை

மூளை ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்கேன் அறைக்குள் போகிறவரின் மோதிரம், தாயத்து, பெல்ட் எல்லாம் எங்கே கழற்றி வைக்க வேண்டும், பயந்தவரை எப்படிப் படுக்க வைக்க வேண்டும், படிவத்தில் யார் எங்கே கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் வேலைக் காலத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதை நான் கடைசிவரை சரிசெய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது நர்ஸ் படிப்பு. மதுரையில் பிரசவ வார்டில் ஏழு வருஷம் இருந்தேன். கணவருக்கு ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. தொண்ணூற்றொன்பதில் குழந்தையையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம். கொஞ்ச காலம் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். பிறகு தார்நாகா பக்கம் ஓர் ஆய்வு மையத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலை கிடைத்தது. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு விஷயத்தை விளக்கி, சம்மதம் வாங்கி, தேதி கொடுத்து, ஸ்கேன் முடிந்தபின் போன் செய்து விசாரிப்பது வரைக்கும் என் பொறுப்பு.

அங்கே ஒரு சீனியர் டெக்னீஷியன் இருந்தார். பேர் வேண்டாம். ஸ்கேனில் எவ்வளவு மோசமான கட்டி தெரிந்தாலும் அறையிலிருந்து வெளியே வரும்போது அவர் முகத்தில் ஒன்றுமே இருக்காது. காத்திருப்பவர்கள் ஓடி வந்து கேட்டால், "தண்ணி குடுங்க அவருக்கு. ரிப்போர்ட் டாக்டர் சொல்வார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். நல்லபடியாக இருந்தாலும் அதே முகம், அதே வார்த்தை. நல்ல செய்தியையாவது சொல்லலாமே, என்ன கல்நெஞ்சம் என்று நான் நினைத்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டும் விட்டேன். "நல்லதுக்கு ஒரு முகம் வச்சிருந்தா, அந்த முகம் இல்லாத அன்னைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்மா" என்றார். அன்று அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் பட்டது.

2010க்குப் பிறகு எங்கள் மையத்தில் ஆக்ஸிடோசின் ஆய்வு தொடங்கியது. பிரசவ வார்டில் எனக்கு நன்றாகப் பழகிய மருந்து. வலி வரவைக்க ட்ரிப்பில் போடுவோம். ஆனால் அது மூளையிலேயே சுரக்கிற ஹார்மோன். தாய்க்குப் பால் இறங்குவதற்கும், பிள்ளையின் மேல் மனசு ஒட்டுவதற்கும் அதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள். அந்த வருஷங்களில் பத்திரிகைகள் அதை அன்பு ஹார்மோன் என்றே எழுதின. மூக்கில் ஸ்ப்ரேயாக அடித்தால், மற்றவர்களின் முகத்தைப் பார்க்கும்போது மூளையில் வேலை செய்கிற பகுதிகள் மாறுகின்றனவா என்பதுதான் எங்கள் கேள்வி. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலரைச் சேர்த்திருந்தோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு வருகை. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். எது எந்த நாளில் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். ஆய்வு முழுவதும் முடிந்தபின்தான் எண்களைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் தனபாலும் அவர் மகன் முரளியும்.

தனபாலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது இருக்கும். மல்காஜ்கிரியில் வீடு. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் டெக்னீஷியன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் வடாற்காடும் இருக்கும், இந்த ஊர் உருதுவும் இருக்கும். முரளிக்கு இருபத்திரண்டு. நாச்சாரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை மடிக்கிற வேலை. சொன்ன வேலையை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் செய்வான். தமிழ் புரியும். பேசுவது தெலுங்கில், அதுவும் தேவைக்கு இரண்டு வார்த்தை. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். தாயிடம் மட்டும் ஒட்டுதல் இருந்தது. அவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

"ஷிஃப்ட் ஷிஃப்ட்டுன்னு நான் ஓடிகினு இருந்தேன் மேடம். எல்லாம் அவதான் பார்த்தா" என்றார் தனபால் முதல் நாளே. "இவனுக்கு நான் வீட்டுக்கு வந்து போற ஆளு மாதிரி. இப்போ ரெண்டு பேர்தான் இருக்கோம். சோறு போடறேன், துணி எடுத்துக் குடுக்கறேன். ஒரு நாள் கூட என் மூஞ்சியைப் பார்த்ததில்ல."

நான் ஆய்வை விளக்கினேன். இது சிகிச்சை இல்லை. இதனால் முரளிக்கு நல்லது நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு நாள் உப்புத் தண்ணீர்தான் இருக்கும். இரண்டு வருகையோடு முடிந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஹவ் மேடம், ஹவ்" என்று உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார். புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

புரிந்தது என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அன்று நான் கேட்டிருந்தால், "ரெண்டு தடவைல ஒரு தடவை மருந்து குடுப்பீங்க, அன்னைக்கு என் புள்ள என்னைப் பார்ப்பான்" என்றுதான் தனபால் சொல்லியிருப்பார்.

முதல் வருகை ஒன்றும் விசேஷமில்லாமல் போனது. எல்லோரும் பயப்படுகிற ஸ்கேன் மெஷினின் சத்தம் முரளிக்குப் பிடித்திருந்தது. உள்ளே படுத்துக்கொண்டு அதே சுருதியில் முனக ஆரம்பித்தான். முனகினால் தலை அசையும், படம் கெட்டுப்போகும். மைக்கில் சொன்னேன், "முரளி, மனசுக்குள்ள பாடு. சத்தம் வெளிய வர வேணாம்." உடனே நிறுத்தினான். அவன் முன்னால் திரையில் முகங்கள் வந்து போயின. சிரித்த முகம், கோபமான முகம், சும்மா இருக்கிற முகம். கண் எங்கே பார்க்கிறது என்பதை ஒரு கேமரா பின்தொடரும். எங்கள் பக்கத் திரையில் அது சின்னச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். முரளியின் புள்ளி முகங்களின் ஓரத்திலேயே நின்றது. காது, தலைமுடி, சட்டைக் காலர். கண்ணுக்குப் பக்கத்தில் போனால் சட்டென்று விலகிவிடும்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது வருகை. வேறு எண் போட்ட பாட்டில். அன்றைக்கு நாலைந்து முகங்கள் போனபின் புள்ளி ஒரு பெண்ணின் கண்ணில் போய் நின்றது. விலகவில்லை. அடுத்த முகத்தில் விலகியது. அதற்கடுத்ததில் திரும்பக் கண்ணுக்கு வந்தது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூளைக்குள் என்ன நடந்தது என்பது அன்றே தெரியாது. அதைக் கணக்குப் போட்டு எடுக்க மாதக்கணக்கில் ஆகும். அன்று தெரிந்தது அந்தப் புள்ளி மட்டும்தான்.

வெளியே வராந்தாவில் தனபால் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனுக்குத் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எப்படி பண்ணான் மேடம்?"

"நல்லா பண்ணான்ணே" என்று நிறுத்தியிருக்கலாம். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வோம். நிறுத்தவில்லை. "போன தடவைய விட இன்னைக்குக் கண்ணைப் பாக்குறான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். டிபன் பாக்ஸின் மூடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் விதிப்படி போன் செய்தேன். தலைவலி உண்டா, மூக்கில் எரிச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். அவர் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை.

"மேடம், காலைல டீ குடுத்தேன். நிமிந்து பார்த்தான். ஒரே ஒரு செகண்டு. என்னைத்தான் பார்த்தான்."

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். மூன்று தடவை பார்த்தானாம். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டை அவர் கையில் கொடுத்தானாம். முன்பெல்லாம் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவானாம். அதற்கடுத்த வாரம் போன் செய்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"குறையுது மேடம். ரெண்டு நாளா பார்க்கல. மருந்து எறங்கிடுச்சு போல. இன்னொரு பாட்டில் குடுங்க."

"அது மருந்துன்னே எனக்குத் தெரியாதுண்ணே. வெறும் உப்புத் தண்ணியாக்கூட இருந்திருக்கலாம். அப்படியே மருந்தா இருந்தாலும் சில மணி நேரத்துல போயிடும். ரெண்டு வாரமெல்லாம் நிக்காது."

அவர் சிரித்தார். "உப்புத் தண்ணிக்கா என் புள்ள என்னைப் பார்த்தான்?"

இரண்டு நாளில் நேரில் வந்துவிட்டார். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஆய்வை நடத்திய எங்கள் டாக்டர் அவரை உட்கார வைத்து, தெலுங்கில் பொறுமையாக, ஆய்வுக்கு வெளியே ஸ்ப்ரே கொடுக்க அனுமதியில்லை என்று விளக்கினார். தனபால் வெளியே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"மேடம், நீங்கதானே சொன்னீங்க கண்ணைப் பாக்குறான்னு. உங்களுக்குத் தெரியும். எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. நானே வாங்கிக்கறேன்."

எனக்கு அவரை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்றிருந்தது. "ஸ்ப்ரே இங்க எங்கயும் கிடைக்காதுண்ணே. வெளிய கிடைக்கிறதெல்லாம் பிரசவத்துக்குப் போடுற ஊசி. இல்லன்னா எருமைக்குப் பால் கறக்கத் திருட்டுத்தனமாப் போடுற ஊசி. அதையெல்லாம் நெனச்சுக்கூடப் பாக்காதீங்க. ஆபத்து."

"நக்கோ மேடம், நக்கோ. வேணாம். அதெல்லாம் நான் ஏன் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயமுறுத்துவதாக நினைத்து நான் வழியைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். தவிப்பில் இருப்பவர் எச்சரிக்கையின் முதல் பாதியை மட்டும்தான் கேட்பார். எது எங்கே இருக்கிறது என்பது அந்த முதல் பாதியில்தான் இருக்கும். அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. உட்கார வைத்து, என் தப்பை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். "அண்ணே, அந்தப் புள்ளியை வச்சு நான் அப்படிச் சொன்னது தப்பு. அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. டாக்டர் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் காதில் விழுந்துவிடும் என்ற பயத்தில் சொல்லவில்லை.

இருபது நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் தனபாலின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் பக்கத்து வீட்டுக்காரர். முரளிக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், தனபால் உங்களைத்தான் கூப்பிடச் சொன்னார் என்றார். ஆட்டோ பிடித்துப் போனேன்.

எமர்ஜென்சியில் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். லேபிள் இல்லை. மாட்டுத்தீவனக் கடையில் வாங்கியது. என்ன இது என்று கேட்டால் பையனின் அப்பா சொல்ல மாட்டேன் என்கிறார், மேடம் வந்து சொல்வாங்க என்கிறார் என்றார். எருமைக்குப் போடுகிற அந்த ஊசி மருந்தாகத்தான் இருக்கும் என்று நான் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். சொன்னேன். அந்த மருந்து அளவு மீறினால் உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். மூக்கு எரிச்சல் தாங்காமல் பையன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறான். அதனால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் குப்பியில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார். மூக்கின் உட்பக்கம் வெந்து புண்ணாகியிருந்தது.

தனபால் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சு காலியாக இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாள்ணே?"

"ஆறு நாள்." பிறகு அவரே சொன்னார், "மொத ரெண்டு நாள் சும்மா இருந்தான். மூணாவது நாளு 'வத்து வத்து'ன்னான். எரியுதுன்னு சொல்லத் தெரியல அவனுக்கு. வேணாம் வேணாம்னுதான் சொல்லத் தெரியும். இன்னும் கொஞ்சம் போட்டா சரியாவும்னு நெனச்சேன்."

"எப்படிப் போட்டீங்க?"

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "தலையைப் புடிச்சுகினேன் மேடம். இப்படி. தாடையைச் சேத்து. அவன் கத்தினான். நான் அழுதுகினே புடிச்சுகினு இருந்தேன். அப்போ என்னைப் பார்த்தான். அன்னைலேர்ந்து தெனமும் பார்த்தான்."

பிரசவ வார்டில் எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறேன். அன்றைக்கு அவர் தோளில் கை வைக்கக்கூட எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

முரளி பிழைத்துக்கொண்டான். ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதற்கப்புறம் முகத்தின் பக்கம் யார் கையைக் கொண்டுவந்தாலும் அலறினான். சவரம் செய்யவிட மாட்டான். தனபால் எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவர் போடுகிற சோற்றைச் சாப்பிட மாட்டான். அவர் தட்டை வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். அப்புறம்தான் சாப்பிடுவான்.

ஆக்ஸிடோசினை அன்பு ஹார்மோன் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். அப்படி ஒரே வேலை மட்டும் செய்கிற பொருள் மூளையில் கிடையாது. மற்ற மனிதர்களிடமிருந்து வருகிற சேதியை அது உரக்கக் கேட்க வைக்கிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சேதி அன்பாக இருந்தால் அன்பு உரக்கக் கேட்கும். பயமாக இருந்தால் பயம். தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எரிகிற தண்ணீரை மூக்கில் விடுகிற ஒரு முகத்தை முரளியின் மூளை எவ்வளவு உரக்கக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். அந்தக் குப்பியில் இருந்தது உண்மையிலேயே அந்த மருந்துதானா என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஆய்வில் கலந்துகொண்டவருக்கு இப்படி ஏதாவது நடந்தால் நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் டாக்டர் நேர்மையான மனிதர்தான். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"மருந்து வேலை செய்யுதுன்னு அவருக்கு எப்படித் தோணுச்சு? நம்ம பக்கத்துல யாராவது ஏதாவது சொன்னீங்களா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. ஆய்வு பாதியில் இருந்தது. நான் சொன்னால் மொத்தமும் நின்றுபோகலாம், எத்தனை பேர் உழைப்பு என்று ஒரு காரணம் உடனே தோன்றியது. அது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். நிஜக் காரணம், வேலை போய்விடும் என்கிற பயம்.

"இல்ல சார். நான் எதுவும் சொல்லல" என்றேன்.

அவர் நம்பினார். ஆய்வுக்குத் தொடர்பில்லாத நிகழ்வு, குடும்பத்தினர் தாமாகவே செய்தது என்று அறிக்கை தயாரானது. கீழே ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் விசாரித்தது போலத் தனபாலிடம் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தாலும் அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருப்பாரா என்று தெரியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து எண்களைப் பிரித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் உப்புத் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்குக் கூடியிருந்தது, சிலருக்குக் குறைந்திருந்தது. நான் பட்டியலில் முரளியின் எண்ணைத் தேடினேன். முதல் வருகையில் மருந்து. புள்ளி காதையும் காலரையும் சுற்றிக்கொண்டிருந்த நாள். இரண்டாவது வருகையில் உப்புத் தண்ணீர்.

கலந்துகொண்டவர்கள் விரும்பினால் தங்களுக்கு என்றைக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என எல்லோருக்கும் கடிதம் போனது. பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். தனபால் வந்தார். இளைத்திருந்தார். என் எதிரே உட்கார்ந்து கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"சொல்லுங்க மேடம்."

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அன்றைக்கு மருந்துதான் என்று சொன்னால், மருந்தால் பார்த்தான், மருந்து போனதும் போய்விட்டது என்று அவர் அதோடு விட்டுவிடலாம். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தேன். இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

"முதல் தடவை மருந்துண்ணே. ரெண்டாவது தடவை வெறும் உப்புத் தண்ணி."

அவர் கடிதத்தை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

"அப்போ அன்னைக்கு அவனாத்தான் பார்த்தானா?"

நான் தலையாட்டினேன்.

"வீட்ல பார்த்தது? டீ குடுக்கும்போது?"

"அதுவும்தாண்ணே."

கடிதத்தைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். பிறகு, என்னிடம் சொல்வது போல இல்லாமல், மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னப்புறம் தெனமும் காலைல அவன் எதிர்ல தரைல உக்காந்துகினேன் மேடம். பார்ப்பானா பார்ப்பானான்னு. அதுக்கு முன்னாடி அப்படி நான் உக்காந்ததே இல்ல. டீயை வச்சிட்டு டூட்டிக்கு ஓடிடுவேன்."

அதை அவர் புரிந்துகொண்டு சொன்னாரா, சும்மா நினைவுக்கு வந்து சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தப் பத்துப் பதினைந்து நாளில் மாறியது முரளியின் மூளை மட்டுமில்லை. அவர் அவனுக்கு எதிரே உட்கார ஆரம்பித்திருந்தார். அப்படியே உட்கார்ந்துகொண்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"அண்ணே, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. தப்பு என்னுது" என்றேன். இந்தத் தடவை கதவு திறந்திருந்ததா என்று பார்க்கவில்லை.

"நக்கோ மேடம்." தலையை அசைத்தார். "இவனைப் பள்ளிக்கூடத்துல சேத்த நாள்லேர்ந்து இவனைப் பத்தி ஒருத்தரும் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. உக்கார மாட்டேங்கறான், பேச மாட்டேங்கறான், கூட்டிகினு போங்க. இதான். நீங்க ஒருத்தர்தான் நல்லது சொன்னீங்க. அது பொய்யும் இல்லயே."

எழுந்து போய்விட்டார். கடிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு சாக்குத்தான். அடுத்த நாளும் சொல்லலாம், அடுத்த மாதமும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போனார். ஆய்வு கட்டுரையாக வெளிவந்தது. பழைய கோப்புகளை அட்டைப்பெட்டிகளில் கட்டி எங்கோ அனுப்பினார்கள். என் கையெழுத்துப் போட்ட அந்த அறிக்கையும் அதற்குள் இருக்கும். நான் முழுச் சம்பளத்தோடும் மாலை மரியாதையோடும் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் ஒருவர், பங்கேற்பாளர்களிடம் இவர் காட்டிய கனிவு என்று பேசினார்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று சொல்லலாம். அந்த சீனியர் டெக்னீஷியன் மாதிரி ஒரே முகமாக இருங்கள் என்று சொல்லலாம். அதுதான் சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தனபாலுக்கு வேறு யார் எப்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். யாராவது கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்.

2013 கடைசியில் தார்நாகா பஸ் ஸ்டாப்பில் அவர்களைப் பார்த்தேன். சாயங்காலம், நல்ல கூட்டம். முரளி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. தனபால் பெஞ்சுக்குப் பின்னால், அவன் திரும்பினாலும் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கூட்டத்துக்குள் சற்றுத் தள்ளி நின்றதால் என்னை அவர் கவனிக்கவில்லை. பஸ் வந்தது. அவர் குனியவில்லை, தொடவில்லை. பின்னாலிருந்தபடியே, "பஸ் வந்துச்சுப்பா, ஏறு" என்றார். முரளி திரும்பிப் பார்க்காமல் எழுந்து முன்னால் இருந்த கதவில் ஏறினான். அது பெண்கள் ஏறுகிற கதவு. கண்டக்டர் ஏதோ சத்தம் போட்டார். தனபால் பஸ்ஸின் பின்பக்கம் ஓடி, மற்றக் கதவில் தொற்றிக்கொண்டு, கூட்டத்துக்குள் எக்கி எக்கி மகனின் பின்னந்தலையைத் தேடிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.